இடம் மாறிய ஓர் இருக்கை

2022 நவம்பரில் ஒரு பள்ளியில் விண்வெளி பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். படங்கள் போட்டு ஒரு மணி நேரம் பேசினேன். பன்னாட்டு விண்வெளி நிலையத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு எப்போதும் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். 15 நாடுகள், ஐந்து விண்வெளி முகமைகள், 400 கிலோமீட்டர் உயரம், 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட ஆள் இல்லாமல் இருந்ததில்லை என்று அடுக்கிக்கொண்டே போய், நாடுகள் சேர்ந்தால் எதுவும் முடியும் என்று முடித்தேன். கைதட்டினார்கள். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “சார், அமெரிக்காவும் ரஷ்யாவும் சண்டை போட்டுக்கிட்டதாலதானே நிலாவுக்குப் போனாங்க? ஃப்ரெண்ட்ஸா இருந்திருந்தா போயிருப்பாங்களா?” போட்டியும் வேண்டும், நட்பும் வேண்டும்மா என்று ஏதோ சொன்னேன். “சரி சார்” என்று உட்கார்ந்துவிட்டாள். அந்தச் ‘சரி’யில் அவள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை.

ஏனென்றால் வரலாறு அவள் பக்கம்தான் நிற்கிறது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் மேலே போகாமல் இருந்திருந்தால் அமெரிக்கா அப்படிப் பதறியிருக்காது. 1961 ஏப்ரல் 12 அன்று சோவியத் வீரர் ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். ஏறத்தாழ ஆறு வாரத்தில், மே 25 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடி நிலவுத் திட்டத்தை அறிவித்தார். அதற்குப் பின்னால் இருந்தது அச்சம், அவமானம், தோற்றுவிடக் கூடாது என்ற வெறி. 1966இல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் நான்கு சதவீதத்துக்கு மேல் நாசாவுக்குப் போனது. அறிவியல் ஆர்வத்துக்காக எந்த அரசும் அவ்வளவு பணத்தைக் கொட்டாது. கூட்டுக் குழு போட்டு, ஒப்பந்தம் எழுதி, யார் எதைச் செய்வது என்று பேசிக்கொண்டிருந்தால் எட்டு ஆண்டுகளில் நிலவில் கால் வைத்திருக்க முடியாது என்று அவள் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க முடியாது.

ஆனால் அதே கென்னடி 1963 செப்டம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபையில் எழுந்து நின்று, நிலவுக்கு இரு நாடுகளும் ஏன் சேர்ந்தே போகக் கூடாது என்று கேட்டார். போட்டியைத் தொடங்கி வைத்தவரே இரண்டு ஆண்டுகளில் அதை நிறுத்த ஒரு வழி தேடியிருக்கிறார். இரண்டு மாதத்தில் அவர் கொல்லப்பட்டார். அந்த யோசனையும் அத்தோடு போயிற்று. அப்புறம் நடந்ததும் நமக்குத் தெரியும். 1969இல் முதல் காலடி, 1972 டிசம்பரில் கடைசிக் காலடி. அடுத்துப் போக வேண்டிய அப்போலோ 18, 19, 20 பயணங்கள் ரத்து. ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் நின்றுவிடுவார். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவருக்கு வேலை இல்லை. நிலவிலும் அதுதான் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மாணவிக்கு இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது பாதிப் பதில்தான். போட்டி ஓய்ந்துவிடும் என்பதைக் காட்டினால் போதாது. கூட்டு முயற்சி நிற்கும் என்பதையும் காட்ட வேண்டும். அந்த நவம்பரில் அதைச் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

கைவிடப்பட்ட ஊர்தி

தெம்பு இல்லாமல் போனதற்குக் காரணம் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிய உதவிய அந்த விஞ்ஞானியின் பெயரில் ஐரோப்பிய விண்வெளி முகமை செவ்வாய்க்கு அனுப்ப ஓர் ஊர்தியைக் கட்டியிருக்கிறது. செவ்வாயின் மேல்மண் கதிர்வீச்சில் வெந்துபோனது. பழைய உயிரின் தடயம் ஏதாவது மிஞ்சியிருந்தால் அது ஆழத்தில்தான் இருக்கும். அதனால் இந்த ஊர்தியில் 2 மீட்டர் ஆழம் வரை துளையிடும் கருவி இருக்கிறது. செவ்வாயில் இதுவரை யாரும் அந்த ஆழத்துக்குப் போனதில்லை. இந்தத் திட்டத்தில் முதலில் கூட்டாளியாக இருந்தது நாசா. 2012இல் பணம் இல்லை என்று அது விலகிக்கொண்டது. ஐரோப்பா ரஷ்யாவிடம் போனது. ராக்கெட், தரையிறங்கு மேடை, இரவுக் குளிரில் ஊர்தி உறைந்துபோகாமல் காக்கும் கதிரியக்கச் சூடேற்றிகள், எல்லாம் ரஷ்யா தருவதாக ஏற்பாடு. 2022 செப்டம்பரில் புறப்பட வேண்டும். ஊர்தி தயாராக இருந்தது. பிப்ரவரியில் உக்ரைன் மீது போர் தொடங்கியது, மார்ச்சில் திட்டம் நிறுத்தப்பட்டது, கொஞ்ச நாளில் கூட்டே முறிந்தது.

ஒரு கருவியை உருவாக்கப் பத்து, பதினைந்து ஆண்டு உழைத்தவர்களை நினைத்துப் பாருங்கள். செவ்வாய் பூமிக்கு வசதியான இடத்துக்கு வருவது ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒரு முறை. ஒரு வாய்ப்பு போனால் இரண்டு ஆண்டு போச்சு. இப்போது நாசா மறுபடி உள்ளே வந்திருக்கிறது. 2028இல் ஏவுவதாகத் திட்டம். இரண்டு கூட்டாளிகளும் ஆளுக்கொரு முறை கைவிட்டார்கள். ஒருவர் போர் தொடுத்தார், மற்றவர் பட்ஜெட்டைக் காட்டினார். இந்தச் செய்திகளைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்த ஆண்டில்தான் நான் பள்ளியில் நின்று, நாடுகள் சேர்ந்தால் எதுவும் முடியும் என்று முழங்கினேன். அந்தப் பெண் அதில் இருந்த ஓட்டையைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள்.

இதே கசப்பு மேலே, நிலையத்திலும் இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். போர் தொடங்கிய நாட்களில் ரஷ்ய விண்வெளி முகமையான ராஸ்காஸ்மாஸின் அப்போதைய தலைவர் திமித்ரி ரகோசின், ரஷ்யாவின் ஒத்துழைப்பு இல்லாவிட்டால் நிலையம் சுற்றுப்பாதையிலிருந்து நழுவி யார் தலையில் விழும் தெரியுமா என்ற பொருளில் சமூக ஊடகத்தில் எழுதினார். அதில் மிரட்டல் இருந்தது. ஒரு தொழில்நுட்ப உண்மையும் இருந்தது. நிலையம் கீழே இறங்காமல் இருக்க அவ்வப்போது தள்ளிவிட வேண்டும். அந்தத் தள்ளும் வேலை பெரும்பாலும் ரஷ்யப் பகுதியின் எஞ்சின்களுடையது. மின்சாரத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பது அமெரிக்கப் பகுதியின் சூரியத் தகடுகள். ஒருவர் இல்லாமல் மற்றவரால் அங்கே இருக்க முடியாது. அப்படியே கட்டப்பட்ட வீடு அது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. இதைக் கூட்டுறவு என்று சொல்வதா, பிணைக்கைதி நிலை என்று சொல்வதா என்று எனக்கே குழப்பம்.

2023 ஜனவரி

அப்போதுதான் அந்தக் கசிவு நடந்தது. 2022 டிசம்பர் நடுவில், நிலையத்தோடு இணைந்திருந்த ரஷ்யாவின் சோயூஸ் எம்.எஸ்.-22 கப்பலிலிருந்து வெள்ளைத் துகள்கள் பீறிட்டுப் பறப்பது கேமராவில் தெரிந்தது. நானும் அந்தக் காட்சியைப் பார்த்தேன். கருப்பு வானத்தில் பனி தூவுவதுபோல மணிக்கணக்கில் கொட்டிக்கொண்டே இருந்தது. அது கப்பலின் குளிரூட்டும் திரவம். ரேடியேட்டர் குழாயில் ஒரு மிகச் சிறிய துளை. அந்தக் கப்பலில் மேலே போயிருந்தவர்கள் மூன்று பேர்: ரஷ்யர்கள் செர்கெய் புரோகோப்பியேவ், திமித்ரி பெத்தேலின், அமெரிக்கர் ஃபிராங்க் ரூபியோ. போர் நடந்துகொண்டிருக்கும்போது ஓர் அமெரிக்கர் எப்படி ரஷ்யக் கப்பலில்? 2022 ஜூலையில் இரு முகமைகளும் இருக்கைகளைப் பரிமாறிக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தன. ஓர் அமெரிக்கர் ரஷ்யக் கப்பலில், ஒரு ரஷ்யர் அமெரிக்கக் கப்பலில். எந்தக் கப்பலுக்குக் கோளாறு வந்தாலும் நிலையத்தை நடத்த இரு தரப்பிலும் ஆள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த ஏற்பாட்டில்தான் அக்டோபரில் ரஷ்ய வீராங்கனை அன்னா கிக்கினா அமெரிக்க டிராகன் கப்பலில் போயிருந்தார்.

விண்வெளி நிலையத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் கப்பல் வெறும் திரும்பிவரும் வண்டி மட்டும் கிடையாது. நெருப்புப் பிடித்தாலோ, காற்று கசிந்தாலோ, சில நிமிடத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டிய உயிர்ப்படகு அது. இப்போது மூன்று பேரின் உயிர்ப்படகில் குளிரூட்டி இல்லை. பூமிக்கு இறங்கும் சில மணி நேரத்தில் உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு ஏறும்? மூன்று பேர் உடல் சூடு, கருவிகளின் சூடு. மாற்றுக் கப்பல் ஒன்றை ஆள் இல்லாமல் அனுப்ப முடிவு செய்தார்கள். ஆனால் அது வந்துசேரப் பிப்ரவரி கடைசி ஆகிவிடும். அதுவரைக்கும்?

சோயூஸில் போகிற ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் இருக்கை அச்சு உண்டு. பயணத்துக்கு முன்பே ஆளை ஜிப்சம் குழம்பில் படுக்கவைத்து, முதுகின் வடிவத்தை அப்படியே எடுத்து, அதற்குத் தகுந்தபடி வார்த்து, சீவி எடுப்பார்கள். சோயூஸ் தரையில் மெதுவாக இறங்கும் கப்பல் இல்லை. கடைசி நொடியில் சிறு ராக்கெட்டுகள் வெடித்து வேகத்தைக் குறைத்தாலும் முதுகெலும்பில் ஓர் அறை விழும். அச்சு உடம்போடு ஒட்டியிருந்தால் அந்த அடி முதுகு முழுக்கப் பரவும். எனவே ஒருவருடைய அச்சு இன்னொருவருக்கு உதவாது. சட்டைக்கு அளவெடுப்பதைவிட நெருக்கமான அளவு அது.

2023 ஜனவரி நடுவில், நிலையத்தில் இருந்தவர்கள் ரூபியோவின் இருக்கை அச்சை ரஷ்யக் கப்பலிலிருந்து கழற்றினார்கள். நிலையத்தின் உள்ளே மிதக்கவிட்டுக் கொண்டுபோய், அமெரிக்க டிராகன் கப்பலில், நான்கு இருக்கைகளும் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால், சரக்கு வைக்கும் இடத்தில் கட்டினார்கள். அவசரம் வந்தால் அவர் அதில் படுத்துக்கொண்டு இறங்க வேண்டும். அந்த டிராகனின் தளபதி அமெரிக்கர் நிக்கோல் மான். கூடவே இன்னொரு அமெரிக்கர் ஜாஷ் கசாடா, ஜப்பானின் கோய்ச்சி வக்காட்டா, ரஷ்யாவின் கிக்கினா. ரஷ்யக் கப்பலில் வந்த அமெரிக்கர், ஒரு ரஷ்யப் பெண்ணும் ஒரு ஜப்பானியரும் உட்கார்ந்திருக்கிற அமெரிக்கக் கப்பலில், சரக்கோடு சரக்காக. அந்த நாட்களில் கீழே இவர்களுடைய அரசுகள் தடை மேல் தடை போட்டுக்கொண்டு இருந்தன.

எனக்கு உறைத்தது அதற்கு அடுத்த விவரம். ரூபியோவை மாற்றியதன் காரணம் ரூபியோவைக் காப்பாற்றுவது மட்டும் இல்லை. ஓர் ஆள் குறைந்தால் பழுதான சோயூஸுக்குள் சூடு குறையும். மிச்சம் இருக்கும் இரண்டு ரஷ்யர்களும் உயிரோடு இறங்கும் வாய்ப்பு கூடும். அமெரிக்கர் எழுந்து போனதால் ரஷ்யர்களுக்குக் குளிர்ச்சி. அதை வாசித்தபோது என் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் ஒன்றும் இல்லை. அது நட்பினால் நடந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மேலே இருந்தவர்களுக்குள் நட்பு இருந்திருக்கும், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பயிற்சி பெற்றவர்கள். ஆனால் அவர்களை அனுப்பிய நாடுகளுக்குள் அந்த ஜனவரியில் நட்பு துளியும் இல்லை. அப்படியும் அந்த இருக்கை இடம் மாறியது. மாற முடிகிற மாதிரி அந்த வீடு கட்டப்பட்டிருந்தது.

பிப்ரவரி 26 அன்று காலிக் கப்பல் எம்.எஸ்.-23 வந்து இணைந்தது. மூன்று அச்சுகளும் அதற்கு மாறின. ஆறு மாதத்துக்குப் போன ரூபியோ 371 நாள் இருந்துவிட்டு 2023 செப்டம்பர் 27 அன்று அந்த இரண்டு ரஷ்யர்களோடேயே கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கினார்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி

அந்த மாணவி ‘ஃப்ரெண்ட்ஸா இருந்திருந்தா’ என்று கேட்டாளே, அந்த வார்த்தையை நான் திருத்தியிருக்க வேண்டும். நாடுகளுக்கு நண்பர்கள் வருவார்கள், போவார்கள். கூட்டு விண்வெளிப் பயணத்தைத் தாங்கி நிற்பது நட்பைவிடக் கடினமான ஒரு பொருள். 1975ஐப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும். அந்த ஆண்டு ஜூலை 17 அன்று அப்போலோவும் சோயூஸும் சுற்றுப்பாதையில் இணைந்தன. டாம் ஸ்டாஃபோர்டும் அலெக்சி லியோனோவும் கதவு வழியே கைகுலுக்கிய படம் எல்லோரும் பார்த்தது. எனக்கு அந்தக் கைகுலுக்கலைவிட அந்தக் கதவின் மேல் ஆசை அதிகம்.

அதுவரை இரு நாட்டுக் கப்பல்களிலும் இணைப்புக் கருவி ஒரே தத்துவத்தில்தான் இருந்தது. ஒரு கப்பலில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை, மற்றதில் அதை வாங்கிக்கொள்ளும் குழி. நுழைவது ஒருவர், ஏற்பது மற்றவர். இந்த முறையில் முனை உள்ள இரண்டு கப்பல்கள் ஒன்றோடொன்று இணைய முடியாது. ஆபத்தில் இருப்பவரிடம் இருப்பதும் முனை, காப்பாற்றப் போகிறவரிடம் இருப்பதும் முனை என்றால் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். யார் நுழைவது, யார் ஏற்பது என்ற மானப் பிரச்சினையும் அதில் இருந்தது. விளாதிமிர் சிரோமியாத்னிக்கோவ் தலைமையில் சோவியத் பொறியாளர்களும் அமெரிக்கப் பொறியாளர்களும் சேர்ந்து வேறொன்றைச் செய்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையம், விரல்போல நீட்டிய இதழ்கள். எந்தக் கப்பல் வேண்டுமானாலும் முன்வந்து பிடிக்கலாம், எது வேண்டுமானாலும் நின்று கொடுக்கலாம். ஒருவர் கீழ், ஒருவர் மேல் என்பது அந்தக் கருவியிலேயே இல்லை.

காற்றுக்கும் ஒரு சமாதானம் தேவைப்பட்டது. அப்போலோவுக்குள் இருந்தது கடல்மட்ட அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜன். சோயூஸுக்குள் நாம் சுவாசிப்பது மாதிரியான சாதாரணக் காற்று, சாதாரண அழுத்தம். கதவைத் திறந்து நேராகப் போனால் அழுத்தம் திடீரென்று குறைந்து ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி வரும், மூழ்குவீரர்களுக்கு வருகிறதே, அது. அதனால் இடையில் ஓர் அறையைக் கட்டினார்கள். சோயூஸ் தன் அழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்காக இறக்கிக்கொண்டது. பேச்சுக்கும் ஏற்பாடு இருந்தது: அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியில் பேசினார்கள், ரஷ்யர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். தாய்மொழியில் பேசினால் நாக்கு ஓடிவிடும், கேட்பவர் திணறுவார். அடுத்தவர் மொழியில் பேசும்போது நாமே நிதானமாக, எளிய சொல்லாகத் தேடிப் பேசுவோம்.

அந்தப் பயணத்தை வெறும் அரசியல் காட்சி என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அடுத்த இருபது ஆண்டுகளில் இரு நாட்டுக் கப்பல்களும் மறுபடி இணையவே இல்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த வளையத்தின் வழித்தோன்றலில்தான் 1995இல் அமெரிக்க விண்வெளி ஓடமான ஷட்டில் ரஷ்யாவின் மிர் நிலையத்தோடு இணைந்தது. பன்னாட்டு நிலையத்தின் முதல் ரஷ்யப் பகுதியையும் அமெரிக்கப் பகுதியையும் பிணைத்ததும் அதே மரபு. 1998 டிசம்பரில் அந்தப் புது வீட்டின் கதவைத் திறந்தபோது, யார் முதலில் நுழைவது என்ற கேள்வி வரக் கூடாது என்று அமெரிக்கர் ராபர்ட் கபானாவும் ரஷ்யர் செர்கெய் கிரிக்கலேவும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்து ஒன்றாக நுழைந்தார்கள். 1991இல் மிர் நிலையத்தில் இருந்தபோது கீழே தன் நாடே கலைந்துபோனதைப் பார்த்தவர் அந்தக் கிரிக்கலேவ்.

நிலையம் பறக்கும் பாதையே ஒரு விட்டுக்கொடுத்தல். நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்வு. கஜகஸ்தானின் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பும் ரஷ்ய ராக்கெட்டுகள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத் தேர்ந்த சாய்வு அது. ஃபுளோரிடாவிலிருந்து போகும் ஷட்டிலுக்கு அது நஷ்டம். ஒவ்வொரு முறையும் தூக்கக்கூடிய எடை டன் கணக்கில் குறைந்தது. அப்போது அமெரிக்காவில் இதை வீண்செலவு என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஷட்டில் ஏழு பேரோடு சிதறியது. ஷட்டில்கள் இரண்டரை ஆண்டு தரையில் நின்றன. அந்தக் காலம் முழுக்க நிலையத்துக்கு ஆட்கள் போனதும் வந்ததும் சோயூஸில். 2011இல் ஷட்டில் ஓய்வு பெற்றபின் 2020 வரை மறுபடி சோயூஸ்தான். அந்தச் சாய்வை ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் 2003லேயே நிலையம் காலியாகியிருக்கும்.

தனித்தனிக் கப்பல், ஒரே வால்மீன்

இவ்வளவு இறுக்கமாகப் பின்னிக்கொள்வது எப்போதும் நல்லதா என்றால், இல்லை. ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் கதை அதைத்தான் சொல்கிறது. ஒரே ஒரு கூட்டாளி விலகினால் முழுத் திட்டமும் தரையில் நிற்கும் என்றால், அந்தப் பின்னலில் தவறு இருக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி 1986இன் ஹாலி வால்மீன். 76 ஆண்டுக்கு ஒரு முறை வருகிற விருந்தாளி. சோவியத் யூனியன் வேகா 1, வேகா 2 என்று இரண்டு கலங்களை அனுப்பியது. ஐரோப்பா ஜியோட்டோவை அனுப்பியது. ஜப்பான் சூசெய், சக்கிககே என்று இரண்டு. அவரவர் கலம், அவரவர் ராக்கெட், அவரவர் பணம்.

ஜியோட்டோவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. வால்மீனின் கரு, தூசியும் வாயுவும் சூழ்ந்த ஒரு பெரிய மேகத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பூமியிலிருந்து பார்த்து அதன் இடத்தைச் சொன்னால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிசகும். மிக நெருங்கினால் மோதி அழியும், விலகினால் எதுவும் தெரியாது. மார்ச் 6, மார்ச் 9 தேதிகளில் வேகா கலங்கள் ஏறத்தாழ 9,000, 8,000 கிலோமீட்டர் தள்ளிக் கடந்துபோய்க் கருவைப் படம் எடுத்தன. அந்தப் படத்தில் கரு இருக்கும் திசை தெரியும். ஆனால் படம் எடுத்த வேகா அந்த நொடியில் எங்கே இருந்தது என்பது துல்லியமாகத் தெரியாவிட்டால் பயன் இல்லை. அதை அளந்து கொடுத்தவை நாசாவின் ஆழ்வெளி ஆன்டெனாக்கள். ஹாலிக்கு அமெரிக்கா சொந்தமாக ஒரு கலம்கூட அனுப்பவில்லை. ஆனால் பனிப்போர் நடக்கும்போதே, சோவியத் கலத்தின் இடத்தை அமெரிக்க ஆன்டெனா கணக்கிட, அந்தக் கணக்கை வைத்து ஐரோப்பியக் கலம் திசை திருத்திக்கொண்டு மார்ச் 14 அன்று கருவிலிருந்து 596 கிலோமீட்டரில் கடந்தது. இதில் எந்த நாடு விலகியிருந்தாலும் மற்றவர்கள் ஏதோ ஒன்றைச் சாதித்திருப்பார்கள். சேர்ந்ததால் யாராலும் தனியாக முடியாததைச் சாதித்தார்கள்.

எங்கள் தலைமுறையில் சந்திரயான்-1ம் அப்படித்தான். கலமும் ராக்கெட்டும் இந்தியாவுடையவை. 11 கருவிகளில் ஆறு வெளியிலிருந்து வந்தவை. அதில் நாசாவின் எம்3 கருவி நிலவின் மண்ணில் நீரின் தடயத்தைக் கண்டது, 2009 செப்டம்பரில் உலகம் தெரிந்துகொண்டது. கலம் இல்லாமல் கருவி போயிருக்காது, கருவி இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு வந்திருக்காது. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின் நமக்கு மறுக்கப்பட்டதால்தான் நாமே கற்றுக்கொண்டோம், எனவே யாரையும் நம்பாமல் இருப்பதே நல்லது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிடுவார். அந்தக் கதையை இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கற்றுக்கொண்டோம் என்பது சரி. அதற்கு இருபது ஆண்டு ஆயிற்று என்பதையும் அவர் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் பேச்சில் நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. சொந்தக் காலில் நிற்கத் தெரிந்தவர்தான் கூட்டில் மரியாதையோடு உட்கார முடியும். சந்திரயான்-1இல் மற்றவர்கள் நம்மிடம் இடம் கேட்டார்கள், ஏனென்றால் நம்மிடம் கப்பல் இருந்தது.

யார் வந்து கூட்டிப்போவது

இதையெல்லாம் மறுபடி கிளறிவிட்டது 2025 நவம்பர். சீனாவின் தியாங்கொங் நிலையத்தில் மூன்று பேர் தங்கள் ஆறு மாத வேலையை முடித்து நவம்பர் 5 அன்று திரும்ப வேண்டும். அவர்களுடைய ஷென்சோ-20 கப்பலின் ஜன்னலில் விரிசல். விண்வெளிக் குப்பை ஏதோ மோதியதாகக் கருதினார்கள். அந்தக் கப்பலில் இறங்குவது ஆபத்து என்று முடிவாயிற்று. அவர்களுக்குப் பதிலாக அப்போதுதான் வந்திருந்த மூவரின் கப்பலான ஷென்சோ-21இல் நவம்பர் 14 அன்று இறங்கினார்கள். அப்போது மேலே இருந்த புதிய மூவருக்கு? ஷென்சோ-22 நவம்பர் 25 அன்று ஆள் இல்லாமல் போய்ச்சேரும் வரை, பதினொரு நாள், அவர்களுக்கு நம்பி ஏறக்கூடிய உயிர்ப்படகு இல்லை. சீனா அடுத்த கப்பலை ஏவுதளத்தில் தயார்நிலையில் வைத்திருக்கும் பழக்கத்தால் அது பதினொரு நாளோடு முடிந்தது. அதை மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்தப் பதினொரு நாளும் அதே வானத்தில் இன்னொரு நிலையம் சுற்றிக்கொண்டிருந்தது, அதில் கப்பல்களும் இருந்தன.

ஒரு நிலையத்திலிருந்து மற்றதுக்குப் போக முடியாது. பன்னாட்டு நிலையம் 51.6 பாகையில் போகிறது, தியாங்கொங் 41.5 பாகையில். சுற்றுப்பாதையின் சாய்வை மாற்றுவதற்கு வேண்டிய எரிபொருள் எந்தக் கப்பலிடமும் இல்லை. இயற்பியல் போட்ட சுவர் அது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தரையிலிருந்து ஒரு கப்பல் உதவிக்குப் போயிருக்கலாமா? அதற்கு முன்பே பேசிவைத்திருக்க வேண்டும், ஒத்திகை பார்த்திருக்க வேண்டும், கதவுகள் பொருந்த வேண்டும். 2011இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட உல்ஃப் திருத்தம், தனி அனுமதி இல்லாமல் நாசா சீனாவோடு நேரடியாகச் சேர்ந்து வேலை செய்வதற்குப் பணம் செலவழிக்கக் கூடாது என்று சொல்கிறது. ரகசியம் திருடுபோகும் என்ற பயம் அதன் பின்னால் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதவின் அளவையும் உதவி கேட்கும் அலைவரிசையையும் பகிர்ந்துகொள்வதில் என்ன ரகசியம் போய்விடும்? சீனக் கப்பல்களின் இணைப்பு வளையமும் 1975இல் பிறந்த அதே வடிவின் வழியில் வந்ததுதான். இரும்பு ஒத்துப்போகிறது.

விண்வெளியில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்று 1968லேயே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 1967 ஒப்பந்தம் விண்வெளி வீரர்களை மனிதகுலத்தின் தூதர்கள் என்று அழைக்கிறது. அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தாளில் இருக்கிற சொல் மேலே ஒருவரைக் காப்பாற்ற, கீழே யாரோ திருகாணியின் அளவு வரை உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். விண்வெளிக் குப்பைக்கும் அதே பதில்தான். 2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா தன் சொந்தப் பழைய செயற்கைக்கோளை ஏவுகணையால் அடித்து நொறுக்கியது. அன்று நிலையத்தில் இருந்த ஏழு பேரும் கப்பல்களுக்குள் ஒதுங்கினார்கள். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் ரஷ்யர்கள்.

நாடுகள் சேர்ந்து விண்வெளிக்குப் போக வேண்டுமா என்று இப்போது யாராவது கேட்டால், வேண்டும் என்று முன்பைவிட அழுத்தமாகச் சொல்வேன். ஆனால் ‘சேர்ந்தால் எதுவும் முடியும்’ என்று பேசுவதை விட்டுவிட்டேன். போட்டி போட்டு யாராவது முதலில் போகட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. போகிற எல்லோருடைய கதவும் ஒன்றோடொன்று பொருந்தட்டும். அதைச் சண்டை வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டும்.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அன்று என்னைக் கூப்பிட்ட ஆசிரியர் வழியாக, ரூபியோவின் இருக்கைக் கதையை ஒரு பக்கத்தில் எழுதி, இது உன் கேள்விக்கு நான் தர வேண்டியிருந்த பதில் என்று சொல்லி அனுப்பினேன். பன்னாட்டு நிலையத்தை 2030க்குப் பின் பசிபிக் கடலில் இறக்கிவிடப் போகிறார்கள் என்பதையும், அதற்கு அப்புறம் ரஷ்யா தனி நிலையம், அமெரிக்காவில் தனியார் நிலையங்கள் என்று பேச்சு நடப்பதையும் கடைசியில் இரண்டு வரியில் சேர்த்திருந்தேன். நான்கு நாள் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. “புரிஞ்சுது சார். ரொம்ப நன்றி. ஆனா 2030க்கு அப்புறம் அந்த இருக்கையை எங்க கொண்டுபோய் மாட்டுவாங்க?”